உறவினர் கணக்கில் வராது

என்னைவிட எட்டு வயது மூத்தவளும், என் மேல் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கும் ஒரே ஆளுமான அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. முறைப்படி நலமா என்று கேட்க வேண்டும். வியாழக்கிழமை கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவளிடம் அதைக் கேட்பது அபத்தம் என்பதால் விட்டுவிடுகிறேன். உனக்காக எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். அப்படியும் தெரியாவிட்டால் மாடிவீட்டு டீச்சரைப் படிக்கச் சொல், ஆனால் கடைசிப் பக்கம் வரும்போது அவரை அனுப்பிவிடு. போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ "அப்படியாடா, சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குமேல் எனக்குப் பேச வராது. அதனால்தான் கடிதம்.

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போன வருடம் மனிதவள மேலாளராக ஒரு அம்மா வந்தார். எதைச் சொன்னாலும் கோடு போட்டுக் காட்டுங்கள் என்பார், அதனால் எங்களுக்குள் அவர் பெயர் கிராஃப் மேடம். நல்ல மனுஷிதான், அதுதான் சிக்கலே. ஊழியர் ஒவ்வொருவரும் மாதம் ஆறு மணி நேரம் பிறருக்குத் தொண்டு செய்ய வேண்டும், யாருக்கு, என்ன, எத்தனை மணி நேரம் என்று படிவத்தில் எழுதி, உதவி பெற்றவரிடம் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். மொத்தம் இருநூற்றுப் பதினோரு பேர். இத்தனை படிவத்தையும் வாங்கி, அட்டவணையில் ஏற்றி, மாதக் கடைசியில் அது என்ன சொல்கிறது என்று விளக்க ஒரு ஆள் வேண்டும் என்றார். ஸ்டோர்ஸில் முப்பது வருஷமா பசை டின்னை எண்ணிக்கிட்டிருக்கிற என்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் அன்னிக்கு லீவு போட்டிருக்கணும்.

முதல் மாதம் வந்த படிவங்களை நீ பார்த்திருக்க வேண்டும். வேன் டிரைவர், 'மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனது, ஐந்து மணி' என்று எழுதியிருந்தார். டைப்பிஸ்ட், 'அம்மாவின் ஓய்வூதியத் தாள்களை நிரப்பியது, இரண்டு மணி'. வாட்ச்மேன், 'மனைவி சொன்னதைக் கேட்டது, மாதம் முழுவதும்'. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். சொந்தக்காரருக்குச் செய்வது கடமை, தொண்டு ஆகாது என்று சொல்லி, படிவத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: உறவினர் கணக்கில் வராது. அந்த ஒரு வரிதான் அக்கா, ஆளுங்க மூளையைத் திறந்துவிட்டது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிரைவர் டைப்பிஸ்டிடம், "உங்க அம்மா பேப்பரை நீங்க நிரப்பினாத்தானே தப்பு? குடுங்க, நான் நிரப்பறேன். என் மாமனாரை நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஒரே மாதத்தில் தொழிற்சாலை முழுக்க உறவினர்கள் கைமாறிவிட்டார்கள். டைப்பிஸ்ட் பொறுமையாகக் கூட்டிப்போய்க் கூட்டி வந்ததில், டிரைவரின் மாமனார் இனிமேல் மாப்பிள்ளையோடு எங்கேயும் வர மாட்டேன் என்கிறார். டைப்பிஸ்டின் அம்மாவை டிரைவர் அவசரத்தில் ஆண் என்று நிரப்பிவிட்டதால் அந்த அம்மாவுக்கு இப்போது 'ஐயா' என்றுதான் கடிதம் வருகிறது. வாட்ச்மேன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன மெஷின் ஆபரேட்டர் தன் மனைவிக்குப் பிடித்த நிறத்தை அடித்துவிட்டு வந்தார், வாட்ச்மேன் மூணு நாளா கேட்டிலேயேதான் சாப்பிடறார். வயசான சொந்தக்காரங்களுக்கு ஏகக் கிராக்கி. தரப் பரிசோதனையில் தனிக்கட்டையாக இருக்கிற ஒருத்தர் மாற்றிக்கொள்ள ஆள் இல்லாமல், "உங்க பெரியப்பாவுல ஒரு மூணு மணி நேரம் எனக்குக் கிடைக்குமா?" என்று என்னிடமே கெஞ்சினார். பெரியப்பா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆச்சு என்றேன், முகம் வாடிப் போனார். எல்லாம் ஒழுங்கான படிவம், ரெண்டு இடத்திலும் கையெழுத்து, நானும் ஏற்றிக்கொண்டே இருந்தேன். கோடு மேலே மேலே போனது. "முதியோர் பராமரிப்பு நாலு மடங்கு ஏறியிருக்கே, என்ன காரணம்?" என்று மேடம் கேட்டார். "கருணை மேடம்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, அலுப்பில்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இருநூற்றுப் பதினோரு வரிசையில், வருடம் முழுக்கப் பூஜ்யத்தில் நிற்பது ஒரே ஒரு பெயர். என் பெயர். அடுத்தவங்க செஞ்ச உதவியை எழுதியே என் சனிக்கிழமையெல்லாம் போச்சு, நான் எப்போ போய் யாருக்கு உதவறது? இந்த எழுதுகிற வேலையையே தொண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். "அது உங்க வேலை சார்" என்றார் மேடம், அன்பாகத்தான். ஒரே ஒருவர் பூஜ்யத்தில் நின்றாலும் அவர் பிரிவு முழுவதற்கும் வருடக் கடைசியில் தருகிற இரண்டு நாள் கூடுதல் விடுமுறை கிடையாது என்று புது உத்தரவு வேறு. ஸ்டோர்ஸில் என்னோடு பதினான்கு பேர் இருக்கிறார்கள். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. டீ ஊற்றும்போது மட்டும் என் டம்ளர் கடைசிக்குப் போய்விட்டது. கணக்கு முடிகிற நாள் வியாழக்கிழமை. எனக்கு லீவு கிடைத்திருப்பதும் அந்த ஒரு நாள்தான், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காகக் கேட்டு வாங்கியது.

டீச்சரை அனுப்பிவிட்டாயா? சொல்லிவிடுகிறேன். லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவில் இருப்பவருக்கும் ஒரு அக்கா. அவருக்கும் அதே ஆஸ்பத்திரியில் அதே வியாழக்கிழமை கண் ஆபரேஷன். லாரிப் பிரிவுக்காரருக்கும் இந்த மாதம் ஆறு மணி நேரம் குறைகிறது. அதனால் காலை ஏழு மணிக்கு உன் வீட்டு வாசலில் வந்து நிற்கப்போவது நான் இல்லை, அவர். நல்ல மனுஷன், கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், உனக்குக் கோளாறு கண்ணில்தான், காதில் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் அவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவேன். உனக்கு எதிர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன், ஆனா நீ என்னைக் கூப்பிடாதே, உன்னோட பேசற நேரத்தை அந்த ஆறு மணியில நான் கழிச்சுக்கணும். கட்டுப் போட்ட கண்ணோடு நீ வெளியே வரும்போது உன் கையை அவர் பிடிப்பார். அது என் கை என்று நினைத்துக்கொள். அத்தான் போன பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் உதவி இது. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனா அந்தப் பதினாலு பேர் மூஞ்சியை நான் தினமும் பார்க்கணுமே.

உன் கண் நல்லபடியாகத் தெளிய வேண்டும், நீ இன்னும் பல வருடம் என்னைத் திட்ட வேண்டும். வழக்கமாக என் மனைவியும் விசாரித்ததாக எழுதுவேன். இந்த ஏற்பாட்டைக் கேட்டதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

இப்படிக்கு,
உன் ஆசியைக் கேட்டு வாங்கியே பழகிவிட்ட
தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். லாரிப் பிரிவுக்காரர் இன்று காலை என்னைத் தேடி வந்தார். அவர் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாராம். அந்த அம்மா திட்டவில்லையாம். "சரிப்பா, யாராவது ஒருத்தர் வந்தா போதும்" என்றாராம். இதை மட்டும் அந்தச் சத்தக்கார மனுஷன் பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காதபடி சொன்னார். நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் படிவத்தைக் கிழித்துப் போட்டோம். வியாழன்வரை காத்திராமல், என் பெயருக்கு நேரே பூஜ்யம் என்று ஏற்றி அட்டவணையை மேடத்துக்கு அனுப்பிவிட்டு, பதினான்கு பேரிடமும் நானே போய்ச் சொன்னேன். பிறகு எங்கள் பிரிவிலேயே மூத்தவர், "போன மாசம் எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்கு யாரோதான் கூட்டிட்டுப் போனாங்க. எங்கம்மா இன்னும் என்கிட்ட அதைப் பத்திப் பேசலை" என்றார். மேலே இருப்பதைப் படிக்காதே என்று எழுதலாம், அதற்குள் நீ படித்திருப்பாய். கிழித்துவிட்டு வேறு எழுத எனக்குத் தெம்பில்லை. வியாழன் காலை ஏழு மணிக்கு நான்தான் வருவேன். கதவைத் திறக்க எழுந்து வந்து தடுக்கி விழாதே, நீ சாவி வைக்கிற இடம் எனக்குத் தெரியும்.