ஒரே கை, இரண்டு குப்பி

மூன்று சொட்டு ரத்தம் போதுமாம். வெள்ளைத் தட்டில் விட்டு உற்றுப் பார்த்தே, குடலில் வந்த புற்று வேறெங்கே குடியேறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாராம் ரத்தவாக்குக்காரர். ஸ்கேன் வேண்டாம், டாக்டர் வேண்டாம், மூளைகூட வேண்டாம். டயர்க்கடை மாடியில் தொடங்கிய வரிசை படியிறங்கித் தெருமுனையைத் தொட்டது.

வரிசையில் ஒரு பஸ் டிரைவர், பக்கத்தில் அவர் மனைவி லேப்காரி. எட்டு மாதம் முன்பு அவருக்குக் குடல் புற்றுநோய் ஆபரேஷன். மூன்று மாதத்துக்கொரு முறை லேபில் ரத்தத்தின் புற்றுக்குறியீட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். இந்த முறை போகவில்லை. போன வாரம்தான் ரத்தவாக்கு, ‘சுத்தம்’ என்று சொல்லிவிட்டதே. அதையே இன்னொரு முறை கேட்க வந்திருந்தார்.

“பதினெட்டு வருஷமா ரத்தத்தோட குடும்பம் நடத்துறேன். என்னை நம்ப மாட்டீங்களா?”

“நீ சொன்னா பயமா இருக்கு. அவர் சொன்னா நிம்மதியா இருக்கும்மா.”

அவள் கோபம் வடிந்துவிட்டது. பயந்த மனுஷரிடம் என்ன வாதாடுவது? அதனால்தான் கூடவே வந்திருந்தாள்.

லேபில் அவளுக்குத் தினம் ஒரு வேலை. ஒரே ரத்தத்தை இரண்டு குப்பியில் ஊற்றி, வேறு வேறு பெயர் ஒட்டி மெஷினுக்குக் கொடுப்பாள். ஒரே எண் வந்தால்தான் மெஷினுக்கு மரியாதை.

வரிசையில் நின்றவர்கள் பார்க்க, கணவர் கையிலிருந்து இரண்டு குப்பி எடுத்தாள். ஒன்றில் அவர் பெயர். இன்னொன்றில், இல்லாத ஓர் அண்ணன் பெயர்.

ரத்தவாக்குக்காரர் முதல் குப்பியைப் பார்த்தார். “தங்கமான ரத்தம். ஒண்ணுமில்ல.”

அவள் இரண்டாவதை நீட்டினாள். “இது எங்க அண்ணனோடது. அவருக்கும் குடல்ல புற்று. கப்பல் கம்பெனி முதலாளி.”

அவர் புருவம் ஏறியது. “அடடா, கல்லீரலுக்கு இறங்கிடுச்சேம்மா. இருபத்தோரு நாள் சிகிச்சை. நேர்ல வரச் சொல்லு.”

“ரெண்டும் இவர் ரத்தம்தாங்க,” என்றாள், படிக்கட்டு வரை கேட்கும்படி.

“ஆமா, நானும் பாத்தேன்,” என்றாள் வரிசையிலிருந்த ஒரு பெண். “அப்ப ஒரே ஆளுக்கு ரெண்டு கல்லீரலாய்யா?”

“குப்பி மாறினா சக்தி மாறும்.”

“பெயரைக் கிழிச்சுடறேன். எது எந்தக் குப்பின்னு சொல்லுங்க.”

அவருக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. பின்படி வழியாகப் போனவர்தான்.

“அப்ப என் ரத்தம் நிஜமா என்ன சொல்லுது?” என்றார் டிரைவர்.

“தெரியாதுங்க.” அந்த மாடியில் நோயைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் உண்மை அதுதான். “எண் ஏறியிருந்தா ஸ்கேன்ல தேடுவாங்க. எண் மட்டுமே எல்லாத்தையும் சொல்லிடாது.”

மறுநாள் லேபில் பார்த்தபோது எண் ஏறியிருந்தது. ஸ்கேனில் தெரிந்தது, கல்லீரலில் பட்டாணி அளவு கட்டி. இப்போதே பார்த்ததால் வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

செய்தி கேட்டு வந்த நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “பாத்தியா அண்ணி, கல்லீரல்னு அவர் சரியாத்தானே சொன்னார்?”

“அதே ரத்தத்துக்கு ஒண்ணுமில்லன்னும் சொன்னாரே. பூவும் சொல்லித் தலையும் சொன்னா எவன் தோப்பான்? எங்க மெஷினையே தினமும் சோதிக்கிறோம். அந்த மனுஷனை ஒரு தடவையாவது சோதிச்சீங்களா?”