பவுண்டில் இட்ட முட்டைகள்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மகாராஜாவுக்கு அடுத்தபடியாகச் சட்டம் போடும் அதிகாரம் யாருக்கு என்று எங்கள் தெருவில் கேட்டிருந்தால், திவானுக்கு என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வக்கீலம்மைக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவர் வக்கீலும் இல்லை, வக்கீலின் மனைவியும் இல்லை. முட்டை விற்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டு அச்சகம் ஒன்றில் எனக்கு எழுத்துக் கோர்க்கும் வேலை கிடைத்து, அவர் வீட்டை ஒட்டிய அறையில் குடியேறினேன். காலையில் கோர்ட்டுக்கு எதிரேயிருந்த சாப்பாட்டுக் கடைக்கு முட்டை கொண்டுபோவார். கூடை காலியானதும் நேரே கோர்ட்டு வராந்தா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை வழக்குக் கேட்பார். பாதி காதில் விழாது. விழாத பாதியை அவரே இட்டு நிரப்பிக்கொள்வார். சட்டம் அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் கல்யாண அறிக்கை ஒன்றை வாசித்துவிட்டு, “தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்” என்றார். உலகத்தில் எந்தச் சர்ச்சிலும் அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. வக்கீலம்மை எழுந்தார்.

“ஆட்சேபணை உண்டு.”

மணமகளின் தாய் பக்கத்திலிருந்தவர்மேல் சாய்ந்தார். போதகர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன ஆட்சேபணை?”

“அப்படி ஒண்ணுமில்ல ஐயா. கேட்டா யாராவது பதில் சொல்லணுமில்லா? எல்லாரும் மிண்டாம இருந்தா கேஸு எப்படி நடக்கும்?”

தையல்காரரிடம், பால்காரரிடம், தபால்காரரிடம் அவர் நடத்திய வாதங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் தோற்றார். தோற்றது அவருக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய பலம்.

கணவர் இறந்துபோனவர். ஒரே மகள் மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். “எனக்க பிள்ளைக்க படிப்பு கோழிக்க வயித்திலயாக்கும் கிடக்கு” என்பார். தெருவில் இன்னும் பல பெண்களுக்கு உப்பும் மண்ணெண்ணெயும் அந்த வயிற்றிலிருந்துதான் வந்தன.

அப்போதுதான் நகரசபை பறையடித்தது. முட்டை விற்பவர் எவரும் இனி லைசென்ஸ் எடுக்க வேண்டும். கோழிக்கூடு செங்கல்லில் கட்டிச் சிமெண்டு பூசியிருந்தால்தான் லைசென்ஸ். இல்லாமல் விற்றால் கோழிகள் பறிமுதல். பட்டணத்து ஓட்டலில் அழுகிய முட்டை சாப்பிட்ட ஒரு பெரிய மனிதருக்கு வயிறு கலங்கியதாம். அதற்கு எங்கள் தெருக் கோழிகள் பொறுப்பு.

சுகாதார இன்ஸ்பெக்டர் கூட்டைப் பார்க்க வந்தார். கறாரான மனிதர், ஆனால் கை சுத்தம்.

“பனையோலைக் கூடு செல்லாதும்மா. சிமெண்டு வேணும்.”

“சாரே, எனக்க வீட்டையும் கொஞ்சம் பாரும். அதும் ஓலையாக்கும். கோழிக்குச் சிமெண்டு வீடு, எனக்கு ஓலை வீடா? அப்பம் நான் கோழிக்கூட்டில படுத்துக்கிடவா?”

“சட்டம் அப்படித்தான்.”

“சட்டமா? எனக்கா?” என்று சிரித்தார் வக்கீலம்மை.

மறுநாள் முதல் அவர் முட்டை விற்கவில்லை, ‘அன்பளிப்பு’ கொடுத்தார். வாங்கியவர்களும் பதிலுக்கு ‘அன்பளிப்பு’ கொடுத்தார்கள். இந்தச் சட்ட நுணுக்கம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நகரசபைச் சேவகர்கள் சாக்கோடு வந்தார்கள். ஒரு சேவல் கூரைக்கும், கூரையிலிருந்து ஒரு சேவகரின் தலைப்பாகைக்கும் பறந்தது. தெருவே சிரித்தது. ஆனால் கடைசியில் அவர் கோழிகளும் மற்றப் பெண்களின் கோழிகளும் சாக்குக்குள் போயின. தெருவில் அலையும் மாடுகளை அடைத்துவைக்கும் நகரசபைப் பவுண்டில் அவற்றையும் அடைத்தார்கள்.

வக்கீலம்மை கோர்ட்டு வராந்தாவில் தமக்குத் தெரிந்த வக்கீல்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். சிரித்தார்களே தவிர ஒருவரும் வழக்கை எடுக்கவில்லை. அன்று மாலை வாசற்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அக்கா, சாப்பிட்டீங்களா?”

“பிள்ளைய விடுதியிலருந்து கூட்டிட்டு வரணும் போலிருக்கு மக்கா” என்றார்.

கோழிகளுக்குச் சட்டம் தெரியாது. பவுண்டிலும் அவை முட்டையிட்டன. முட்டைகள் சேரச் சேர இன்ஸ்பெக்டருக்குச் சங்கடம். வீட்டுக்கு எடுத்துப்போக அவர் ஒப்பவில்லை. அழுக விட்டாலும் கெட்ட பெயர். சர்க்கார் சொத்தாயிற்றே என்று ஏலத்தில் விற்க உத்தரவிட்டார். அதற்கும் பறையடித்தார்கள்.

பறைச் சத்தம் கேட்டதும் வக்கீலம்மை எழுந்து முடியை அள்ளிச் செருகினார். “மக்கா, நீ ஏலத்தில கேளு. கேட்டு எடு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

பவுண்டு வாசலில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். கோர்ட்டு இடைவேளை என்பதால் வக்கீல்களும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சந்தையைப் பார்வையிட வந்த நகரசபைத் தலைவரும் கூட்டத்தைக் கண்டு நின்றார். நான் கேட்டேன், போட்டிக்கு யாரும் இல்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். முட்டைக் கூடை என் கைக்கு வந்தது.

“சாரே, முட்டைய வித்தாச்சா?” என்று வக்கீலம்மை இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார்.

“வித்தாச்சு.”

“எல்லாரும் கேட்டீங்களா? வித்தாச்சாம். அப்பம் லைசென்ஸ் எங்க?”

இன்ஸ்பெக்டர் விழித்தார். “நகரசபைக்கு எதுக்கும்மா லைசென்ஸ்?”

“முட்டை விக்கிறவர் எவரும்னுதானே பறையடிச்சீரு? நகரசபை நீங்கலாகன்னு அடிச்சீரா?” பவுண்டின் கூரையைக் கையால் காட்டினார். “இதென்ன ஓலையா, சிமெண்டா? தரையில கிடக்கது சாணியா, செங்கல்லா? லைசென்ஸும் இல்ல, கூடும் சரியில்ல. பறிமுதல் செய்யணும் சாரே. எதைச் செய்ய? அந்தா நிக்க காளையவா, உம்மையா?”

முதலில் சிரித்தது ஒரு வக்கீல். அடுத்து பவுண்டுக் காவலாளி. பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் எளிது. தலைவர் மேல்துண்டால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கோழிகளை அவிழ்த்து விடும் ஓய்” என்றார். இன்ஸ்பெக்டரே குனிந்து கதவைத் திறந்தார். அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

கோழிகள் கூடைகளில் ஏறின. கூடைகள் தலைகளில் ஏறின. வழியில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த பாண்டு செட்டு, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்து ஊதிற்று. அந்தச் சேவல் கூடைக்குமேல் கழுத்தை நீட்டி ஊர் பார்த்துக்கொண்டு வந்தது. நகரசபையின் அடுத்த கூட்டத்திலேயே, வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை என்று முடிவு செய்தார்கள். மகள் விடுதியிலேயே இருந்தாள், பின்னால் நர்ஸானாள். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கும் வக்கீலம்மைதான் முட்டை கொடுத்தார்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஊரில் எல்லாருக்கும் சட்ட ஆலோசனை சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் தோற்றார்கள்.

எனக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துப் புறப்பட்ட காலையில் பஸ்ஸுக்கு வந்திருந்தார். சன்னலோர இடம் முதலில் வந்தவனுக்கே சொந்தம் என்று டிரைவரிடம் நெடுநேரம் வாதாடினார். அவரை நிறுத்தவே டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வக்கீலம்மை என் மடியில் எதையோ போட்டுவிட்டு இறங்கி ஓடினார். அவிழ்த்துப் பார்த்தேன். துணி முடிச்சில் அவித்த முட்டைகள். விடியுமுன் எழுந்து அவித்திருக்க வேண்டும், இன்னும் சூடு ஆறவில்லை. வெகுதூரம் வரைக்கும் அவற்றைத் தின்ன எனக்கு மனம் வரவில்லை.