மல்லாட்டை கடிக்கும் பல்லுக்கு லண்டன் கண்ணாடி

திண்டிவனம்,
5-12-1969

லண்டன் பட்டணத்துக் குளிரில் கண்ணாடி அரைத்துக்கொண்டிருக்கும் சிரஞ்சீவி சீனுவாசனுக்கு, சித்தப்பா சக்கரபாணி அனேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தி கிருஷ்ணவேணியும் மாடு கன்றும் சௌக்கியம். என் முன்பல்லைப் பற்றி மட்டும் தனியாக விவரம் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில், உன் கடிதத்தைச் சித்திக்கு உரக்கப் படித்துக் காட்டியது என் தப்பு. சொத்தைப் பல்லை அடைக்கக் கண்ணாடிப் பொடியில் ஆசிட் ஊற்றிக் குழைக்கிறோம் என்று நீ எழுதிய இடத்தில் அவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். "கண்ணாடித் தூளு காத்தாடி மாஞ்சாவுக்குப் போடறது, இல்லாங்காட்டி ஆவாதவனுக்குச் சோத்துல போடறது. இதப் படிக்கவா இந்தப் புள்ள அம்மாந்தூரம் போச்சு?" என்றாள். விழுப்புரம் பல் டாக்டர் எனக்கு வைத்ததும் ஒரு வகைக் கண்ணாடிப் பொடிதான் என்று நீ எழுதியிருந்த வரியை அதற்கப்புறம் நான் படிக்கவில்லை, முழுங்கிவிட்டேன். உங்கள் புது ஆசிட்டில் குழைத்தால் பல்லோடு தானே ஒட்டிக்கொள்கிறது, ஆனால் சட்டென்று இறுகாமல் கூழாட்டம் கிடக்கிறது என்று புலம்பியிருந்தாயே, அதற்கு அவள் சொன்ன வைத்தியம்: "கொஞ்சம் புளியக் கரைச்சு ஊத்தச் சொல்லுங்க." துரைமாரிடம் சொல்லித் தொலைக்காதே, மானம் போய்விடும்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். பெரியதம்பியின் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டையைப் பிரித்ததும் ஒரு பருப்பை முன்பல்லில் வைத்துக் கடித்து, ஈரமா காய்ச்சலா, எண்ணெய் காணுமா காணாதா என்று நான் சொன்னால்தான் பாண்டிச்சேரி வியாபாரிகள் விலை கேட்பார்கள். அந்தப் பல்லில் சொத்தை விழுந்ததும், கையில் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அதே மண்டியில் மூட்டை பிரிக்கிற கண்ணையன் என் இடத்துக்கு அடிபோட ஆரம்பித்தான். வயிறு எரிந்து விழுப்புரம் ஓடினேன். டாக்டர் பொடியைக் குழைத்து அடைத்துவிட்டு "எச்சில் படக்கூடாது" என்றார். எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லையோ, நான்தான் காதில் வாங்கவில்லையோ, பஸ் ஏறித் திண்டிவனம் வரைக்கும் வாயைப் பிளந்தபடியே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் கண்டக்டரைக் கூப்பிட்டு, "ஐயோ பாவம், காத்துக் கருப்பு அடிச்சிருக்குதுங்க, அமாவாசைக்கு மேல்மலையனூர் இட்டுக்கினு போவச் சொல்லுங்க" என்கிறாள். இல்லை என்று சொல்ல நான் வாயை மூடியாகவேண்டுமே! வீட்டிலும் அதே கோலம், தூக்கத்திலும் அதே கோலம். விடிந்து பார்த்தால் அடைப்பு காய்ந்து சித்திரை மாத ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கிறது.

அதோடு மண்டிக்குப் போய் வீரம்மாள் கொண்டுவந்த மூட்டையில் ஒரு பருப்பைக் கடித்தேன், அடைப்பு கழன்று மூட்டைக்குள்ளேயே விழுந்தது. ஒரு பாண்டிச்சேரிக்காரர் அதைப் பொறுக்கி, "சரக்குல கல்லு கலந்திருக்குது, விலையக் கொறைங்க" என்று ஆரம்பித்தார். வீரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கினு, "எங்கொல்லையில ஏதுய்யா வெள்ளக் கல்லு?" என்று சண்டைக்கு நின்றாள். "ஐயா, அது கல்லு இல்லீங்க, என் பல்லு!" என்று கத்தினேன். மண்டியே சிரித்தது. எல்லோரும் நிறுத்தின பிறகும் கண்ணையன் சிரித்துக்கினே இருந்தான்.

மறுபடி போனபோது டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எறுகற வரிக்கும்தான்யா காஞ்சிருக்கணும், அப்பறம் ஈரம் இருந்தாத்தான் நிக்கும். புளிப்பு பட்டுக்கினே இருந்தா கரைஞ்சு போயிடும்" என்று புதிதாக ஒன்று வைத்தார். அன்று முதல் ரசம் கிடையாது, மோர் கிடையாது, கேப்பைக் கூழைக்கூடப் புளிக்க விடுவதில்லை. மாங்காய் ஊறுகாய் ஜாடியைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது. ஆனாலும் சீனு, பல் நிற்கிறதடா! நாளைக்குப் புதுச் சரக்கு இறங்குகிறது, பாண்டிச்சேரி ஆட்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். நான் முதல் பருப்பைக் கடிக்கும்போது கண்ணையன் மூஞ்சி போகிற போக்கை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

ஆகையால், "புதுசாகக் கொஞ்சம் அனுப்புகிறேன், சித்தப்பா பல்லில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டாயே, அந்தப் பேச்சே வேண்டாம். அவ்வளவு பெரிய ஊரில் சொத்தைப் பல் உள்ள துரை ஒருத்தர்கூடவா அகப்படவில்லை? உங்கள் சோதனைக்குத் திண்டிவனத்து வாயா கிடைத்தது? என் பல் பாறையாட்டம் இருக்கிறது, அதன் வம்புக்கு வராதே.

கம்பளி போர்த்திக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அங்காளம்மன் உன் வாயையும் வயிற்றையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

உன் நன்மையே கோரும்,
சக்கரபாணி

பி.கு.: இதை இந்த ஏரோகிராம் தபால் தாளின் வெளிப்பக்கத்தில் எழுதுகிறேன். மடித்து ஒட்டுவதற்காகப் பசை ஓரத்தை வாயில் வைத்து நனைத்து இழுத்தேன், அடைப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மடிப்பில் தட்டுப்படுவது அதுதான், ஜாக்கிரதையாகப் பிரி. உள்ளே எதுவும் வைக்கக்கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள், நானா வைத்தேன்? மேலே எழுதியது ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், இறுகினாலும் சரி இறுகாவிட்டாலும் சரி, உன் சரக்கை ஜல்தியாக அனுப்பு. அதுவரைக்கும் கடைவாயில் கடித்துச் சமாளிக்கப் பார்க்கிறேன். உங்கள் துரைமாரையும் கொஞ்சம் விசாரிக்கச் சொல், இந்தத் தபால்காரர்கள் பசையில் என்னதான் போடுகிறார்கள்? சித்தி கத்தியால் சுரண்டியும் அடைப்பு காகிதத்தை விட்டு வரமாட்டேன் என்கிறது.