வாயால் எடுத்த நிச்சயதார்த்தப் படங்கள்

புதுப் பொருள் வாங்கியவனுக்கு அதைப் பயன்படுத்துவதில் கிடைக்கும் சந்தோஷம் பாதிதான். மீதிப் பாதி, பழையதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதில் இருக்கிறது. பரிதாபப்பட நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பழையதை வைத்திருந்தவள் என் மனைவி.

ரேவதி பள்ளி ஆசிரியை. வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கியிருந்தாள். அந்த வகையில் ஆரம்பநிலைக் கேமராதான். பிடியில் ரப்பர் உரிந்து, அதைப் பசை போட்டு ஒட்டி, ஒட்டிய இடமும் உரிந்து, ஒரு மாதிரி சொறி பிடித்தாற்போல இருக்கும். அதன் உள்ளே ஒரு கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கண்ணாடி துள்ளி எழுந்து மறுபடி விழும். அப்போது 'டப்பக்' என்று ஒரு சத்தம் வரும். பக்கத்து அறையில் யாரோ டிரங்குப் பெட்டியை மூடுகிறார்கள் என்று நினைத்து நான் பலமுறை எட்டிப் பார்த்திருக்கிறேன்.

நான் செஞ்சி கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். (பெரிய கடை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து உள்ளே வந்தால் நான் வெளியே வந்து நிற்க வேண்டும்.) செல்போன் திரைக்குக் குமிழி வராமல் கண்ணாடி ஒட்டுவேன் என்பதால், உலகத்தில் உள்ள எல்லா இயந்திரமும் எனக்கு அத்துப்படி என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஊரைவிட நான்தான் அதை அதிகமாக நம்பினேன்.

அந்தக் காலத்தில்தான் இரவுபகலாக வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். இதுவும் ஆரம்பநிலைதான். ஆனால் புதுசு. உள்ளங்கையில் அடங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தபோது நைனா கேட்டார். (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.)

"அப்டி இன்னாடா இருக்குது இதுல?"

"இருக்குறது இல்ல நைனா, இல்லாததுதான் விசேஷம். இதுல கண்ணாடியே கெடையாது."

"கண்ணாடி இல்லன்னா கொறச்சி கேட்டு வாங்கிருக்கணும்டா" என்று சொல்லிவிட்டு நைனா செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு வேண்டிய மரியாதை நைனாவிடம் கிடைக்காததால், ரேவதியிடம் தேடினேன். இரண்டு கேமராவையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்துவிடலாம் என்று சவால் விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். எடையில் நான் ஜெயித்தேன். ராஜகிரிப் படிக்கட்டில் பாதி ஏறுவதற்குள் அவள் தோளைத் தேய்த்துக்கொண்டாள். நான் என் கேமராவை ஒற்றை விரலில் மாட்டிச் சுழற்றிக் காட்டினேன். (விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்து, மானமும் மிஞ்சியிருக்கும்.)

மேலே ஒரு திருப்பத்தில் உட்கார்ந்தபோது என் கேமராவை அவள் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, என் கேமராவுல பாத்தா மல தெரியுது. உங்க கேமராவுல பாத்தா மலைய டிவில காட்ற மாரி இருக்குது."

"அதான் ரேவதி முன்னேற்றம். படம் எப்டி வரும்னு எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"எடுக்கறதுக்கு முன்னாடி மல தெரிஞ்சா போதாதா?"

அடுத்த சிறப்பம்சத்துக்குத் தாவினேன். என் கேமரா ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து அதைத் துல்லியமாக எடுக்கும். அவளை மதில் ஓரமாக நிற்கவைத்து எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மதில் மேல் உட்கார்ந்திருந்த குரங்கின் கண் அத்தனை தெளிவாக வந்திருந்தது. ரேவதி மட்டும் மங்கலாக இருந்தாள்.

"பரவால்ல, உங்க கேமராவுக்கு யாரு அழகுன்னு தெரிஞ்சிருக்குது" என்றாள்.

கடைசி அஸ்திரமாக அமைதி முறையைப் போட்டுக் காட்டினேன். அதைப் போட்டுவிட்டால் என் கேமரா படம் எடுப்பதே யாருக்கும் கேட்காது. அவள் 'டப்பக்' என்று ஒரு படம் எடுத்தாள். மதில் மேல் இருந்த குரங்கு ஓடிப்போனது. நான் வெற்றிப் புன்னகையோடு அவளைப் பார்த்தேன். அன்றிலிருந்து அமைதி முறையை நான் அணைக்கவே இல்லை.

அடுத்த மாதம் ரேவதியின் தங்கை சங்கீதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. நிச்சயம் முடிந்த கையோடு விமானம் ஏறினால், கல்யாணத்துக்குத்தான் வருவார். அதுவரை சங்கீதாவுக்குத் துணை அந்தப் படங்கள்தான். பத்திரிகைக்கும் பேனருக்கும் அதே படங்கள்தான்.

என் மாமனார் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "மாப்ள, போட்டோக்காரர் ஒருத்தருக்குச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு மாமா வெளி ஆளு? நான் இருக்கேன்ல" என்றேன்.

ரேவதி என்னைத் தனியாக அழைத்துப்போனாள். "ஏங்க, ஒரு ஆள வச்சிக்கலாங்க. ஒரு தடவதான் நடக்கும் இது."

"என் மேல நம்பிக்க இல்லையா?"

"உங்க மேல இருக்குது. அந்தக் கேமராதான் எனக்குப் பழக்கமில்ல."

அவள் கவலையைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

நிச்சயம் செஞ்சியில் ஒரு மண்டபத்தில், காலை நேரத்தில் நடந்தது. மேடை முழுக்க எல்.இ.டி. விளக்குகள். பட்டுச் சட்டையும் கழுத்தில் கேமராவுமாக நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். ரைஸ்மில் வைத்திருப்பவர். வாழ்நாளெல்லாம் அரவை மெஷின் பக்கத்திலேயே நின்றவர் என்பதால், சத்தம் வராத இயந்திரம் எதுவும் ஓடவில்லை என்பது அவருடைய முடிவு.

முதல் குழுப் படத்துக்கு அவரும் அவர் சொந்தங்களும் மேடையில் வரிசையாக நின்றார்கள். எடுத்தேன். "ஆச்சுங்க" என்றேன். யாரும் அசையவில்லை.

"எடுத்தியா தம்பி?" என்றார் மில்காரர், உதட்டை அசைக்காமல்.

"எடுத்துட்டேங்க."

"சத்தம் வரலியே."

"இது சத்தம் வராதுங்க. புது மாடலு."

"சத்தம் வரலன்னா இன்னா எடுத்த? இன்னொரு வாட்டி எடு."

எடுத்தேன். அப்போதும் சத்தம் வரவில்லை. அவர் இறங்கவில்லை. அவர் இறங்காததால் மற்றவர்களும் இறங்கவில்லை. சிரித்த முகங்கள் எல்லாம் மெல்ல மெல்லப் பல்வலி முகங்களாக மாறின. வயிற்றை உள்ளிழுத்து நின்ற ஒருவர் முகம் சிவந்துபோனது. கீழே அடுத்த குழு காத்துக்கொண்டிருந்தது. மாமனார் என் பக்கத்தில் வந்து, சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, "நான் வேணா ஒவ்வொரு வாட்டியும் விசில் குடுக்கட்டுமா மாப்ள?" என்றார். (ஓய்வு பெற்ற பிறகும் விசிலை அவர் பையிலேயே வைத்திருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.)

என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்றாவது முறை பட்டனை அழுத்தும்போது, நானே வாயால் சொன்னேன்.

"டக்!"

மில்காரர் முகம் மலர்ந்தது. "ஆங். இப்ப எடுத்துட்டான்" என்று இறங்கினார். வரிசை முழுக்க மூச்சு விட்டது.

அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் போய்விட்டது. பெரியம்மா வீட்டாருக்கு ஒரு டக். சித்தப்பா வீட்டாருக்கு ஒரு டக். குழந்தையோடு வந்தவர்களுக்குக் குழந்தை பார்க்கும்படி உரத்த டக். ஒரு முறை பட்டனை அழுத்திவிட்டு டக் சொல்ல மறந்துபோனேன், யாருமே இறங்கவில்லை. இன்னொரு முறை டக் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்த மறந்தேன். எல்லோரும் திருப்தியாக இறங்கிப் போனார்கள். வயதான ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மட்டும் ரெண்டு டக்கு போடு கண்ணு" என்றார். தொண்டை வறண்டுபோனது. ரேவதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் கண்ணில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது.

அவள் அப்படியே என் கேமராத் திரையையும் எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, படத்துல கோடு கோடா தெரியுது?"

"டிவிய செல்போன்ல எடுத்தா கோடு வருதில்ல, அந்த மாரிதான். திரையிலதான் தெரியும், படத்துல இருக்காது" என்றேன். அத்தனை உறுதியாக நான் சொன்னதால் அவளும் விட்டுவிட்டாள்.

தாம்பூலத் தட்டு மாற்றும் நேரம் வந்தது. ஒருபக்கம் மாமனார், மறுபக்கம் மில்காரர். பக்கத்தில் சங்கீதாவும் மாப்பிள்ளையும். அக்கா என்ற முறையில் ரேவதி சங்கீதாவின் தோளைத் தொட்டபடி நின்றாள். தட்டைத் தூக்கி, இரண்டு பேரும் கேமராவைப் பார்த்தார்கள். அந்த நொடியில் என் கேமராத் திரை இருண்டது.

பேட்டரி தீர்ந்துவிட்டது. காலையிலிருந்து திரை அணையாமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. இன்னொரு பேட்டரி வாங்கி வையுங்கள் என்று விற்றவர் சொன்னபோது, நான் அவரைப் பார்த்து ஓர் அலட்சியச் சிரிப்பு சிரித்திருந்தேன்.

மண்டபமே என்னைப் பார்த்தது. "டக்கு சொல்லுப்பா, கை வலிக்குது" என்றார் மில்காரர்.

பயத்தில் மனிதன் எதையும் செய்வான். உயிர் போன கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "டக்!" என்றேன்.

மில்காரர் ஏமாந்துவிட்டார். ரேவதி ஏமாறவில்லை. என் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. "மாமா, ஒரு நிமிஷம் தட்ட அப்டியே புடிங்க" என்று மில்காரரிடம் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கினாள். மாற்றுச் சேலை வைத்திருந்த பையின் அடியிலிருந்து, எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்த பழைய கேமராவை எடுத்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

'டப்பக்.'

மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. 'டப்பக். டப்பக்.' மில்காரர் தலையை ஆட்டினார். "இதான்யா கேமரா!"

அதன் பிறகு மோதிரம் போட்டதிலிருந்து ஆசீர்வாதம் வரை எல்லாம் அவள்தான் எடுத்தாள். நான் அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்து என் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கோடுகள் திரையில் மட்டும் இல்லை. மேடையில் எடுத்த எல்லாப் படத்திலும் கறுப்புக் கறுப்பாகப் பட்டை ஓடியது. குழுப் படங்களில் ஜமுக்காளம் விரித்தாற்போலக் குறுக்கே போனது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்களில் மேலிருந்து கீழே இறங்கியது. சங்கீதாவும் மாப்பிள்ளையும் சிறைக் கம்பிக்குப் பின்னால் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

 இணையத்தில் தேடினேன். சில எல்.இ.டி. விளக்குகளின் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்குமாம். அமைதி முறையில் எடுத்தால் அந்தத் துடிப்பு பட்டையாக விழுந்துவிடுமாம். அமைதி முறையை அணைத்துவிட்டால் பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடுமாம். அணைத்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தினேன். கேமரா அழகாக, பதமாக, 'டக்' என்றது.

காலையிலிருந்து நான் தொண்டை வறளச் சொன்னதை, விட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

சங்கீதாவிடம் எப்படிச் சொல்வது என்று இரவு முழுக்க ஒத்திகை பார்த்தேன். மறுநாள் அவள் வந்தாள். ரேவதி எடுத்த படங்களை முதலில் காட்டினேன். ஒவ்வொன்றும் நன்றாக வந்திருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"மாமா, எதுலயுமே அக்கா இல்லியே."

படம் எடுத்தவள் படத்தில் எப்படி இருப்பாள்? இதற்கும் நான்தான் காரணம். தலையைக் குனிந்துகொண்டு என் படங்களைத் திறந்தேன். கம்பி, கம்பி, கம்பி. அவள் கண் கலங்க ஆரம்பித்தது. "எங்கல்யாணப் பத்திரிகைக்கு இதையா மாமா போடறது?" என்றாள். 

வேகமாகத் தள்ளிக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றாள். மணப்பெண் அறையில் எடுத்தது. அந்த நேரம் கரண்ட் போயிருந்ததால், ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். ரேவதி வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு தங்கையின் தலையில் பூ வைக்கிறாள். சங்கீதா எதற்கோ சிரிக்கிறாள். ரேவதிக்கும் சிரிப்பு வந்து, பின் கீழே விழப்போகிறது. ஒரு பட்டை கூட இல்லை. நான் வாசலில் நின்று எடுத்தது இரண்டு பேருக்குமே தெரியாது.

"இத எப்ப எடுத்தீங்க?" என்றாள் சங்கீதா. "எங்களுக்குக் கேக்கவே இல்லியே."

அந்தப் படம் இப்போது மாமனார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பத்திரிகைக்கு ரேவதி எடுத்த படம் போனது. கம்பிப் படங்களும் வீணாகவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் எப்படியோ ஒன்றை வாங்கி, கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் பேனராக வைத்துவிட்டார்கள். 'குற்றவாளி பிடிபட்டார். தண்டனை: ஆயுள். ஜாமீன் கிடையாது.' கீழே ஓரத்தில், 'கைது செய்த அதிகாரி' என்று என் பெயர். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டிலும் ஒரு மாற்றம் நடந்தது. மிரர்லெஸ்ஸை ரேவதி எடுத்துக்கொண்டாள். எடை குறைவாக இருக்கிறதாம், இருட்டில் நன்றாக எடுக்கிறதாம், நல்ல கேமராதானாம். சீயமங்கலம் குகைக் கோயிலுக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது, உள்ளே இருட்டில் அவள் எடுத்த படங்களை நானே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழையதை என்னிடம் கொடுத்து, "உங்களுக்குச் சத்தம் வர்றதுதாங்க சரி" என்றாள்.

கல்யாணத்துக்குத் தனியாகப் போட்டோக்காரர் வைத்தோம். அவர் எடுத்து முடித்தும் மில்காரர் மேடையை விட்டு இறங்கவில்லை. "அந்த டக்கு மாப்ள எங்க? அவர் சொல்லட்டும்" என்றார். அன்று ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை. காதுகுத்து, கிரகப்பிரவேசம், யார் எந்தக் கேமராவில் எடுத்தாலும் என்னைத் தேடுகிறார்கள். போன பொங்கலுக்கு மாமனார் வீட்டில் எல்லோரும் சேர்ந்து நின்றோம். செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, நேரம் வைத்துவிட்டு நானும் ஓடிவந்து நின்றேன். படம் எடுத்து முடித்துச் செல்போன் தானாக அணைந்தும் போனது. ஒருவரும் அசையவில்லை. இப்போதுதான் பேசப் பழகியிருக்கும் சங்கீதாவின் மகள், மில்காரரின் இடுப்பில் இருந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெரீப்பா, டக்கு."

"டக்" என்றேன். எல்லோரும் கலைந்து சாப்பிடப் போனார்கள்.