மேலே மப்பு

சாயப்பட்டறை மாடிப்படியின் கீழே இருந்த கரும்பலகையைப் பார்த்து ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

'மேலே மப்பு. தெளியும் வரை யாரும் போக வேண்டாம்.'

எழுதிய குமாஸ்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பவர். மாடி பெருக்கும் அக்கா காலையில் இன்டர்காமில் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். சாயம் ஏற்றிய நூலை மொட்டை மாடியில் காயப்போட்டு மழையில் நனைய விடலாமா?

"யோவ் அகராதி," என்றார் மேஸ்திரி. எதற்கெடுத்தாலும் அகராதியைப் புரட்டுவதால் குமாஸ்தாவுக்கு அந்தப் பெயர். வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. "மேல மொட்டை மாடி மட்டுமா இருக்கு? மேனேஜர் ரூமும் அங்கதான இருக்கு?"

குமாஸ்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். நிரந்தரமா, வீட்டுக்கா என்று மேனேஜர் முடிவு சொல்லும் நாள்.

ஓடிப்போய் முதல் வரியை அழித்து, 'மப்பு மேனேஜருக்கு அல்ல' என்று எழுதினார். அதுவரை சிரிக்காதவர்களும் சிரித்தார்கள்.

வாயால் சொல்லிவிடுவோம் என்று மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் கவனிங்க! மேனேஜர் சார் தெளிவாத்தான் இருக்கார். யாரும் சந்தேகப்பட வேண்டாம்!"

இன்டர்காம் அலறியது. "எ... எவன்டா அது... என்னையப் போயி... தெளிவுன்னு சொன்னது?" கோபத்தில் மேனேஜருக்கு நாக்கே குழறியது.

கேட்டில் நுழைந்த முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏன்யா, ஒரு மனுஷனோட மானத்தை இப்படியா வாங்குவே?"

"மானம் இல்லைங்க முதலாளி, வானம்!" குமாஸ்தா அகராதியைப் பிரித்து நீட்டினார். "பாருங்க, மப்பு. முதல் அர்த்தம் மேகமூட்டம். குடிபோதை ரெண்டாவதுதான். மப்பும் மந்தாரமுமா இருக்குன்னு சொல்றதில்லையா?"

"வெளிய வெயில் மண்டையைப் பிளக்குது. மந்தாரமாம்! இன்னிக்கே உன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு."

அந்த நேரம் பார்த்து அக்கா துடைப்பத்தோடு படியிறங்கி வந்தார். குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, என் பொழப்பே உங்க வாயிலதான் இருக்கு. மேல மப்புன்னு நீங்கதான சொன்னீங்க? அது முதலாவதா, ரெண்டாவதா?"

அக்கா முதலாளியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"முதலாவதும் ரெண்டாவதும் எப்ப முடிஞ்சுதோ, யாரு கண்டா தம்பி? நான் பெருக்கப் போனப்பவே சாருக்கு மூணாவது ரவுண்டு ஓடிட்டிருந்துச்சு."