இரண்டு விரல் அகலம்

பில்லியர்ட்ஸ் கடை முதலாளி அன்று காலை காபி டம்ளர்மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

"என் உடம்புல உயிர் இருக்கிறவரைக்கும் அந்தக் குழிகளை அகலமாக்க விடமாட்டேன்!"

மேசையின் ஆறு குழிகளும் அவ்வளவு குறுகல். பந்து வாசல்வரை வரும், உள்ளே மாமியார் இருப்பதைப் பார்த்த மருமகளைப்போல் அப்படியே திரும்பிவிடும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரம் முட்டி மோதுவார்கள். பிறகு கோலைச் சுவரில் சாத்திவிட்டுப் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

"ஏங்க, முதல் நாள் ஒரு பந்தாவது விழுந்தாத்தானே மறுநாள் வருவாங்க?" என்றாள் மனைவி.

"சுலபமா விழுந்தா அது ஆட்டமா? இது திறமைசாலிக்கான மேசை."

"அந்தத் திறமைசாலி எங்க?"

"எதிர்ல நிக்கிறேன்ல?"

"நேத்து நீங்க அடிச்சதும் விழலையே."

"எனக்கே குழி பறிக்கிறியா?"

பந்து விழாவிட்டாலும் பந்தாவுக்குக் குறைச்சல் இல்லை.

அடுத்த வாரம் குனிந்து அடித்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாடி வீட்டில் படுத்த படுக்கை. கீழே கடையில் மனைவி மேசை பழுது பார்ப்பவரை வரவழைத்தாள். கிழிந்த துணியை மாற்றச் சொன்னாள். கையோடு குழிகளையும் இரண்டு விரல் அகலமாக்கச் சொன்னாள்.

முதலாளி இடுப்பைப் பிடித்தபடி இறங்கி வந்தார்.

"துணி மாத்திட்டியா?"

"மாத்திட்டேங்க."

அடித்தார். விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். அதுவும் விழுந்தது.

"படுத்திருந்தப்போ மனசுக்குள்ளயே பயிற்சி பண்ணினேன்!"

"தெரியுதுங்க."

எதிர்க்கடைத் தையல்காரர் வாழ்க்கையில் முதல் பந்தைப் போட்டுவிட்டுக் குதித்தார். மறுநாள் மச்சானையும் இழுத்து வந்தார். மச்சான் தன் ஆபீஸையே கூட்டி வந்தார். கடையில் நிற்க இடமில்லை. எல்லாரும் தன் ஆட்டத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று முதலாளி மீசையை முறுக்கினார். அந்தத் தெம்பில் பக்கத்து ஊர்ப் போட்டிக்கும் பெயர் கொடுத்தார்.

போனபோது சிங்கம். வந்தபோது நனைந்த கோழி.

"ஒண்ணுகூட விழலை! அந்த ஊர்க் குழியெல்லாம் எலி வளை."

"நம்ம பழைய அளவுதாங்க அது."

"பழைய அளவா?"

ஓடிப்போய் ஒரு குழியின் வாயில் பந்தை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு பந்து சம்மணம் போட்டு உட்காரலாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"புதுசா கத்துக்கிறவங்களுக்காகச் செஞ்சதுங்க. நீங்க ஆசையா கத்துக்கிட்டிருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."