அடுக்களை வக்கீலும் ஆறிப்போன ரேடியேட்டரும்

கோர்ட்டில் நின்று பேசுகிற வக்கீல் ஒரு வகை. காசு வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிற வக்கீல் இன்னொரு வகை. இந்த இரண்டு பேரையும் விட்டுவிடுவோம். பாவம், ஏதோ வயிற்றுப்பிழைப்பு. இன்றைக்கு உங்களுக்கு நான் காட்டப்போவது மூன்றாவது இனம். இதற்கு அடுக்களை வக்கீல் என்று பெயர்.

இவர் சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் படித்தவன்கூட இவரைப்போலச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுததில்லை. இவருடைய நீதிமன்றம் சமையலறை. நீதிபதி, எதிர்த்தரப்பு, பார்வையாளர், தீர்ப்பைக் கேட்டுக் கைதட்ட வேண்டியவர் எல்லாம் ஒருவரே, அவர் மனைவி. வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ஊரின் மறுகோடியில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இங்கே சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து இவர் அவரைக் குறுக்கு விசாரணை செய்கிற அழகு இருக்கிறதே, அடடா! மேசையைத் தட்டுவார், விரலை நீட்டுவார், "சட்டம் தெளிவா சொல்லுது" என்பார், "நான் ஒரு வார்த்தை கேட்டா அந்த ஆளு எங்கே போய் மூஞ்சியை வச்சுக்குவான்?" என்பார், கேட்கிற நாமே வீட்டுக்காரருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட வேண்டியிருக்கும். அந்த ஒரு வார்த்தை எப்போது வெளியே வரும்? அதுதான் வராது.

எல்லாத் தேசத்திலும் இந்த இனம் உண்டு என்றாலும், குளிர்காலத்தில் வீட்டுச் சூடு நின்றுபோகிற ஊர்களில்தான் நன்றாகக் கொழுத்து வளரும். எங்கள் பிஷ்கேக்கில் வளருகிற மாதிரி வேறெங்கும் பார்க்க முடியாது. இங்கே ஜமிர்பெக் என்று ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். அதுதான் வியாதியே.

ஜமிருக்கு டிரைவிங் ஸ்கூலில் பாடம் நடத்துகிற உத்தியோகம். நாற்சந்தியில் நாலு பக்கமும் வண்டி வந்தால் முதலில் போகிற உரிமை யாருக்கு என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவார். "உரிமை உன்னுதுன்னா தைரியமா போ! தயங்கி நின்னா நீயும் போகமாட்டே, அடுத்தவனையும் போகவிடமாட்டே!" என்று அவர் முழங்கும்போது பின் பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். அப்படிப்பட்டவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன செய்கிறார்? கோட்டைக் கழற்றாமல், தொப்பியைக் கழற்றாமல், கம்பளிச் சாக்ஸ் மேல் இன்னொரு சாக்ஸ் மாட்டிக்கொண்டு சாப்பிட உட்காருகிறார்.

ஏனென்றால் அவர் வீட்டு ரேடியேட்டர், அதாவது உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்க வேண்டிய சுவரோர இரும்பு, சில்லிட்டுக் கிடக்கிறது. ஊருக்கே வெந்நீர் அனுப்புகிற மின்நிலையம் ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. மேல் வீட்டில் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறார்கள், அவ்வளவு சூடு. கீழ் வீட்டில் பனியன் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். நடுவில் ஜமிர் வீட்டில் மட்டும் வீட்டுக்காரர் மலிவாக எங்கேயோ வாங்கி மாட்டிய ரேடியேட்டர்கள் அடைத்துக்கொண்டு, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட இரும்பாக நிற்கின்றன. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. பெயர் அய்பேரி. அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியது எப்போது என்று அவள் அம்மா புருலைக் கேட்டால் அழுதுவிடுவாள். துணியைக் கழற்றினால் குழந்தை உதடு நீலம் பூக்கிறது. கழற்றாவிட்டால் கழுத்து மடிப்பெல்லாம் புண்ணாகிறது. இருக்கிற ஒரே மின்சார ஹீட்டரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, அதை விட்டு நகராமல் காவல் காக்கிறாள். இருமல் வேறு ஆரம்பித்துவிட்டது.

"ஏங்க, இன்னிக்காவது வீட்டுக்காரர்கிட்ட பேசினீங்களா?"

"பேசறதா? கிழிச்சுடுவேன்! வாடகை வாங்கறவன் வீட்டைக் குடியிருக்கற மாதிரி வச்சுத் தரணும். அவன் பழுது பாக்கலேன்னா நாமளே ஆள் வச்சுப் பாத்து, அந்தச் செலவை வாடகையில கழிச்சுக்கலாம். சட்டம் தெளிவா சொல்லுது!"

"அப்ப ஆளைக் கூப்பிடுங்க."

"கூப்பிடலாம். ஆனா அதுக்கும் ஒரு முறை இருக்கில்ல? முதல்ல அவருக்குத் தெரியப்படுத்தணும்."

"அப்ப தெரியப்படுத்துங்க."

"சமயம் பாத்துச் சொல்லணும் புருல். உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதுதான். குளிர்காலம் முழுக்க அதே வாதத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு கேட்டுக் கேட்டு அவளுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது என்பதுதான் ஜமிருக்குப் புரியவில்லை.

இந்த இனத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. தன் வழக்கைத் தவிர ஊரில் எல்லார் வழக்கையும் ஜெயித்துக் கொடுக்கும். மினி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு டீச்சரம்மா, தன் வீட்டிலும் சூடு வரவில்லை என்று போனில் யாரிடமோ புலம்பியதுதான் தாமதம், ஜமிர் சீட்டிலேயே திரும்பி உட்கார்ந்து, அவள் இறங்க வேண்டிய இடம் தாண்டுகிற வரைக்கும் உரிமைகளை விளக்கினார், தான் பாடம் நடத்துகிற இடத்தையும் சொல்லிவைத்தார். அந்தப் பெண் அப்படியே போய் அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பயந்துபோய் வாரக்கடைசிக்குள் சரிசெய்து கொடுத்தார். நன்றிக்கு ஒரு பெரிய பை நிறையப் பூர்சோக் என்கிற மாவுப் பலகாரம் பொரித்து டிரைவிங் ஸ்கூலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஜமிர் அதை வீட்டுக்கு எடுத்துவந்து, கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பழப்பாகில் தோய்த்துச் சாப்பிட்டார்.

"பாத்தியா? நான் சொன்ன பாயின்ட்தான் ஜெயிச்சிருக்கு!"

புருல் குழந்தைக்கு இன்னொரு போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சரி, அந்த வீட்டுக்காரர் அப்படி என்ன சிங்கமா, புலியா? ஒன்றும் இல்லை. ஷர்ஷெனாலி என்று பெயர். தொப்பை, குழைந்த பேச்சு, எப்போதும் சிரிப்பு. வீடு பார்க்கப் போன அன்றைக்கே "தம்பி, நீ எந்தக் குலம்?" என்று விசாரித்து, ஏழு தலைமுறை முப்பாட்டன்மார் பெயரை ஜமிர் வாயாலேயே ஒப்பிக்க வைத்து, ஐந்தாவது பாட்டன் இரண்டு பேருக்கும் ஒருவர்தான் என்று கண்டுபிடித்துக் கட்டித் தழுவிக்கொண்டார். "நமக்குள்ள எதுக்குடா ஒப்பந்தம் கிப்பந்தம்? நீ என் ரத்தம்!" என்றார். தீர்ந்தது கதை. வீட்டுக்காரரிடம் ரேடியேட்டர் கேட்கலாம். ரத்தத்திடம் எப்படிக் கேட்பது? ரத்தம் மட்டும் மாதாமாதம் வாடகையைத் தேதி தவறாமல் கேட்டது. ரத்தத்தின் வீட்டில் தரைக்கு அடியிலும் சூடு போட்டிருக்கிறது. பூனை மல்லாந்து தூங்கும்.

கடைசியில் ஒருநாள் ஜமிர் போன் போட்டேவிட்டார். புருல் எதிரில் நின்றாள்.

"அண்ணே, வணக்கம்ணே! உடம்பு சவுக்கியமா? அண்ணி நல்லா இருக்காங்களா? பசங்க? கிராமத்துல ஆடு குதிரையெல்லாம் பனியில தப்பிச்சுதா?... அப்படியா... சந்தோஷம்ணே... இல்லண்ணே, சும்மாத்தான்... ஆங், ரேடியேட்டர் கொஞ்சம்... இல்லல்ல, அவசரமே இல்ல! நீங்க இந்தப் பக்கம் வந்தா ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க."

போனை வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அந்தக் குளிர்காலத்தில் யாருக்காவது வியர்த்தது என்றால் அது அப்போதுதான்.

"வர்றாரு. நேர்ல வரட்டும், அப்ப இருக்கு அவருக்கு!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஷர்ஷெனாலி வந்தார். வாசலிலிருந்து தள்ளி, அறையின் உள்முனையில், மரியாதைக்குரியவர்களை உட்கார வைக்கிற இடம் எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. ஜமிர் வீட்டில் அந்த இடம் சன்னலோரம். அதாவது செத்துப்போன ரேடியேட்டருக்கு நேர் முன்னால். 'நல்லதாப் போச்சு, முதுகு சில்லிட்டா தானா புரியும்' என்று புருல் நினைத்தாள். அவள் தன் புருஷனை அப்போதும் சரியாக எடைபோடவில்லை.

ஷர்ஷெனாலி லேசாகத் தோளைக் குலுக்கினார். அவ்வளவுதான். ஜமிர் துள்ளி எழுந்து உள்ளே ஓடினார். தொட்டிலோரம் எரிந்துகொண்டிருந்த ஹீட்டரின் ஒயரைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுவந்து, விருந்தாளியின் முதுகைப் பார்க்க வைத்து மாட்டினார்.

"சூடு போதுமாண்ணே? இன்னும் கொஞ்சம் கிட்ட தள்ளவா?"

நம்புங்கள். நான் மிகைப்படுத்தவில்லை. உரிமை உன்னுதுன்னா தைரியமா போ என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர்தான்.

டீ வந்தது. எங்கள் பக்கம் டீயைக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவோம். விருந்தாளி குடித்துவிட்டு நீட்ட நீட்ட, மறுபடி மறுபடி ஊற்றிக்கொடுப்பதுதான் மரியாதை. இன்னும் இருங்கள், பேசிக்கொண்டிருப்போம் என்று அதற்கு அர்த்தம். நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு வசவு எங்கள் பாஷையில் கிடையாது. ஊற்றிக்கொடுப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. புருல் கால்வாசி, கால்வாசியாக ஊற்றினாள். ஷர்ஷெனாலி குடித்தார். பாலாடையைத் தடவி ரொட்டி தின்றார். முதுகு இதமாக வேக, பேச்சு கிளம்பியது. நிலத்து விலை, மருமகனின் கார், போன வருஷத்துக் கல்யாணம். ஜமிர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடுவில் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார், இரண்டு தடவையும் ஷர்ஷெனாலி, "சளியா தம்பி? குதிரைக் கொழுப்பு சாப்பிடு" என்றார்.

கடைசியில் அவரே ஆரம்பித்தார். "ஏதோ ரேடியேட்டர்னு சொன்னியே? வீடு கதகதப்பாத்தானே இருக்கு! எனக்கு வேர்க்குது. இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கொஞ்சம் குளிர்னாலும் தாங்கறதில்ல. நாங்கள்லாம் மலையில, கூடாரத்துல, பனியில பொறந்து வளந்தவங்க. இன்னும் கொஞ்ச நாள்ல வசந்தம் வந்துடும். அதுக்குப் போய் செலவு பண்றதா?"

"ஆமாண்ணே, அதுவும் சரிதான்," என்றார் ஜமிர்.

உள்ளறையில் குழந்தை இருமியது.

புருல் டீ கெட்டிலை எடுத்தாள். ஷர்ஷெனாலியின் கிண்ணத்தை இழுத்தாள். ஊற்றினாள். கால்வாசி வந்தது, நிறுத்தவில்லை. பாதி வந்தது, நிறுத்தவில்லை. விளிம்பு வரை நிரம்பி, இனி ஒரு சொட்டு ஊற்றினால் வழியும் என்ற இடத்தில் நிறுத்தி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஷர்ஷெனாலியின் வாயில் பாதி ரொட்டி அப்படியே நின்றது.

ஜமிருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "இது... இது எனக்கு ஊத்தினதுண்ணே! நான்தான் கேட்டேன்!" என்று பாய்ந்து, கிண்ணத்தைப் பிடுங்கி, கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் வாயில் கொட்டிக்கொண்டார். நாக்கு வெந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் வழிய, வாயை வாயைத் திறந்து மூடினார். சத்தம் வரவில்லை.

புருல் இன்னொரு கிண்ணத்தை எடுத்தாள். அதையும் விளிம்பு வரை நிரப்பினாள். ஷர்ஷெனாலிக்கு முன்னால் வைத்தாள்.

"இது உங்களுக்குத்தாண்ணே. கை தவறல."

"என்ன தங்கச்சி இது..."

"வாடகை வாங்கறவர் வீட்டைக் குடியிருக்கற மாதிரி வச்சுத் தரணும். நீங்க பழுது பாக்கலேன்னா நாங்களே ஆள் வச்சுப் பாத்து, வாடகையில கழிச்சுக்குவோம். தெரியப்படுத்தணும்னு முறை இருக்காம். தெரியப்படுத்திட்டேன். சட்டம் தெளிவா சொல்லுது. இவருதான் சொன்னாரு."

சொல்லிவிட்டுக் குனிந்து ஹீட்டரின் ஒயரைப் பிடுங்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு தொட்டிலிருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷர்ஷெனாலி ஜமிரைப் பார்த்தார். வெந்த நாக்கோடு ஜமிர் "அஃப்... அஃப்..." என்றார். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு தன் வேலையைக் காட்டியது. மலையில், கூடாரத்தில், பனியில் பிறந்து வளர்ந்தவர் முதலில் தோளைக் குறுக்கினார், பிறகு கையைத் தேய்த்தார், பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். நிறைந்த கிண்ணம் அப்படியே இருந்தது. ஜமிர் வீட்டில் மிச்சமிருந்த பூர்சோக்கையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, படிக்கட்டு முழுக்க அவர் பின்னாலேயே கும்பிட்டபடி இறங்கினார்.

மறுநாள் காலையிலேயே ஷர்ஷெனாலி அனுப்பிய ஆட்கள் வந்துவிட்டார்கள். சட்டத்துக்குப் பயந்தா? அட போங்கள்! வழக்கு நீண்டு விஷயம் வெளியே போனால், நிறை கிண்ணம் வாங்கினவர் என்று குலம் முழுக்கப் பேசிச் சிரிக்குமே, அதற்குப் பயந்து. ரேடியேட்டரைக் கழற்றி உலுக்கினார்கள். கரிக்குழம்பாக அழுக்கு கொட்டியது. சாயங்காலத்துக்குள் வீடு சுட்டது. புருல் நடு அறையில் தொட்டியை வைத்து, சன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிய, அய்பேரியை ஆசைதீரக் குளிப்பாட்டினாள். குழந்தை தண்ணீரை அடித்துச் சிரித்தது. புருலுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

ஜமிருக்கு நாக்கு ஆற ஒரு வாரம் ஆயிற்று. ஆறினதும் டிரைவிங் ஸ்கூலில் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னார்: "எங்க வீட்டுக்காரன் ரொம்ப நாளா டிமிக்கி கொடுத்துட்டு இருந்தான். வீட்டுக்கு வரவழைச்சேன். ஒரு வார்த்தைதான். அடுத்த நாள் வேலை முடிஞ்சுது!" மாணவர்கள் கைதட்டினார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊரில் ரேடியேட்டரும் கிடையாது, ஹீட்டரும் கிடையாது, இந்த இனமும் கிடையாது என்று நினைத்துக்கொள்வது உங்கள் சவுகரியம். ஆனால் மின்விசிறி இருக்குமே? போன கோடையில், ஒழுகுகிற குழாயைப் பற்றி இரண்டில் ஒன்று கேட்டுவிடப் போவதாக நீங்கள் சமையலறையில் சபதம் போட்டீர்களே, அதற்கு மறுநாள் உங்கள் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தாரே, அப்போது அந்த விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தது யார்?